என் தூக்கமும் தெருவின் தூக்கமும்

இரவு இரண்டு மணிக்கு என் நாய்கள் குரைத்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான். கணவர் இறந்து, மகளும் வேலைக்காகப் பெங்களூர் போன பிறகு, மதுரை திருநகரில் முன்வாசலும் பின்வாசலும் உள்ள ஒரு பழைய வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். ஆரம்பத்தில் பின்கட்டில் தகரம் அசைந்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன். விளக்கைப் போடலாமா, போட்டால் உள்ளே ஒருத்திதான் இருக்கிறாள் என்று தெரிந்துவிடுமோ என்று யோசித்தபடியே விடிந்துவிடும். நாய்கள் வந்தபின் அந்தப் பயம் அவற்றின் பொறுப்பாகிவிட்டது. வந்தது பூனையோ ஆளோ, அவை பார்த்துக்கொள்ளும் என்று புரண்டு படுத்துக்கொள்வேன். அதே நேரத்தில் பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரியும்.

பெரிய நாய் வளர்க்கிற எல்லோர் வீட்டிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. குரைப்பின் பலன் வீட்டுக்காரருக்கு, அதற்கான விலை அடுத்த வீட்டுக்காரருக்கு. நாயை நேசிக்கிற நாங்கள் இதைப் பேசுவதில்லை. அதுவும் ஓர் உயிர்தானே என்போம். ரோட்டில் விடிய விடிய ஹாரன் அடிக்கிறார்களே, அதை யார் கேட்டார்கள் என்போம். இரண்டுமே நியாயமான பேச்சுதான். ஆனால் தூக்கம் கெட்ட கண்ணோடு நம் வாசலில் வந்து நிற்கிறவரிடம் அவை எடுபடுவதில்லை, ஏனென்றால் அவர் கேட்க வந்தது வேறு. அது என்ன என்பதை எனக்கு விளங்கவைத்தவர்கள் என் தெருக்காரர்கள்தான்.

செவலைதான் முதலில் வந்தவள். கோம்பை இனம். தேனி மாவட்டத்துக் கோம்பை என்ற ஊரின் பெயரைத் தாங்கிய இனம் அது. இறுகிய உடம்பு, செம்பழுப்பு நிறம், மூஞ்சி மட்டும் கறுப்பு. அடுத்து வந்தவன் பூபதி, ராஜபாளையம் இனம். தோள்வரை அளந்தால் 70 சென்டிமீட்டர் இருப்பான். பின்னங்காலில் எழுந்தால் என் தோளில் முன்னங்காலை வைப்பான். முழு வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, தேன் நிறக் கண். 2005 ஜனவரியில் அஞ்சல்துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டது. முதோல், ராம்பூர், இமயமலை மேய்ப்பு நாய் ஆகியவற்றோடு ராஜபாளையமும் அதில் இருந்தது. பாளையக்காரர் காலந்தொட்டுக் காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போன இனங்கள் இவை. அந்நியர் நடமாட்டம் தெரிந்ததும் சத்தம் கொடுக்கிற குட்டியாகப் பார்த்துப் பார்த்து நம் முன்னோர் பெருக்கியிருக்கிறார்கள். அதனால் குரைப்பை இவற்றின் கெட்ட பழக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நாம் கேட்டு வாங்கிய குணம் அது.

பூபதிக்குக் காது கேட்காது. குட்டியாக வந்த புதிதில் பெயர் சொன்னால் திரும்பமாட்டான். செவலை திரும்பினால் இவனும் திரும்புவான். ஒருநாள் அவன் தூங்கும்போது தலைக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். காதுமடல்கூட அசையவில்லை. காரணத்தைக் கால்நடை மருத்துவர் விளக்கினார். தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். ஒலியை உணர்கிற நுண்ணிய மயிரணுக்கள் உயிரோடு இருக்க அவை தேவை. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டுமென்று தேர்ந்தெடுத்து வளர்க்கும் இனத்தில் சில குட்டிகளுக்கு அந்தச் செல்கள் காதுவரை போய்ச் சேர்வதில்லை. பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் பட்டுப்போகும். டால்மேஷியன் குட்டிகளிலும் இது உண்டு. ஒரு காது மட்டும் கேட்காமல் பிறக்கிறவையும் உண்டு. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிற சோதனை இல்லாமல் அவற்றைக் கண்டுபிடிக்கவே முடியாது. ராஜபாளையம் வாங்குகிறவர்களில் எத்தனை பேரிடம் இதைச் சொல்லி விற்கிறார்கள்? காது கேட்காத பெரிய நாயைப் பிடிவாதக்காரன் என்று நினைத்து அடிக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

"ஏய், போதும்டா" என்று நான் எவ்வளவு கத்தினாலும் பூபதிக்கு எட்டாது. அவனுக்கு எல்லாமே கண்தான். கம்பிக் கேட்டுக்கு வெளியே போகிற சைக்கிள், காற்றில் பறக்கிற சேலைத் தலைப்பு, எதிர்மாடியில் காயப்போட்ட போர்வை, எதைக் கண்டாலும் குரைப்பான். செவலைக்குக் காதுதான் எல்லாம். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாயின் காது 40,000-ஐத் தாண்டியும் கேட்கும். எனக்கு எட்டாத ஏதோ ஒன்றைக் கேட்டு அவள் எழுந்து குரைப்பாள். அவள் எழுந்ததைப் பார்த்து அவன் குரைப்பான். அவன் சத்தம் கேட்டு அவள் இன்னும் குரைப்பாள். நடுராத்திரியில் இந்தச் சுற்று ஒருமுறை தொடங்கிவிட்டால் லேசில் அடங்காது.

நான் அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு ஒலிப் பாடம் எடுத்த ஒரு நாளில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டு நினைப்பு வந்துவிட்டது. பெரிய நாய் குரைத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபல் என்பது சாதாரணம். 2012-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு கோல்டன் ரெட்ரீவர் 113.1 டெசிபலுக்குக் குரைத்துக் கின்னஸ் சாதனையே படைத்தது. திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 84, 4 மீட்டரில் 78, 8 மீட்டரில் 72. என் கேட்டுக்கும் எதிர்வீட்டு ஜன்னலுக்கும் இடையே அவ்வளவுதான் தூரம். அதுவும் எங்கள் தெரு திறந்தவெளி இல்லை. இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர், கீழே சிமெண்ட். ஒலி மோதித் திரும்பும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் சராசரி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. எதிர்வீட்டு ஜன்னலில் 70-ஐத் தாண்டுகிற ஒன்றை நாய்தானே என்று தள்ள முடியாது என்பது அந்த வகுப்பறையில் எண்ணாகத் தெரிந்தது.

என் வாசலுக்கு முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். அரசுப் பேருந்தில் ஓட்டுநர். கோபமாக வரவில்லை. களைத்துப்போய் வந்தார்.

"டீச்சர், ராத்திரி குலைக்கிறதப் பத்திச் சொல்ல வரல. பாதி நாள் ராத்திரி நான் வண்டியிலதான் இருக்கேன். எனக்குப் பகல்லதான் ராத்திரி. நீங்க ஸ்கூலுக்குப் போனதும் ஆரம்பிச்சு, மத்தியானம் வரைக்கும் விடாது."

பகலில் அவை குரைப்பது எனக்குத் தெரியவே தெரியாது. நான் இருக்கும்போது குரைப்பதைத்தான் நான் கேட்டிருக்கிறேன். அவர் மேலும் சொன்னார். "நீங்க இருக்கும்போது குலைக்கிறது வேற. இல்லாதப்ப வேற. விட்டு விட்டு, மெல்லிசாக் கத்துது. அது திருடனப் பாத்துக் குலைக்கிறது இல்ல டீச்சர். ஆளத் தேடுது."

நாயே வளர்க்காத மனிதர் இப்படிப் பிரித்துச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு படித்தபோது, ஹங்கேரியின் ஏட்வேஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பொங்கிராட்ஸும் உடன் ஆய்வாளர்களும் இதையே சோதித்து 2005-ல் எழுதியிருப்பது தெரிந்தது. அந்நாட்டு மேய்ப்பு நாய்களின் குரைப்பைப் பல சூழ்நிலைகளில் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்நியரைக் கண்டபோது குரைத்தது எது, தனியே கட்டிவிட்டுப் போனபோது குரைத்தது எது என்பதை, நாய் வளர்க்காதவர்களும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே சொன்னார்களாம். தாழ்ந்த குரலில் அடுத்தடுத்து வருவதைச் சினம் என்றும், உயர்ந்த குரலில் இடைவெளி விட்டு வருவதைத் தவிப்பு என்றும் கேட்பவர்கள் புரிந்துகொள்கிறார்கள். அண்ணனும் அப்படித்தான் கேட்டிருக்கிறார். தூக்கம் கெட்டதோடு, பகலெல்லாம் ஒரு தவிப்பைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் படுத்திருந்திருக்கிறார்.

இந்த 'ஒன்றும் செய்ய முடியாமல்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று இன்றைக்கு நினைக்கிறேன். அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் நகரவாசிகளின் மன அழுத்தம் பற்றி 1972-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அதிலுள்ள ஒரு சோதனையைப் பல வருடங்களாக மறக்க முடியவில்லை. இரண்டு குழுக்களுக்கு ஒரே இரைச்சலை, எப்போது வரும் என்று தெரியாதபடி கேட்கவைத்தார்கள். ஒரு குழுவினர் கையில் மட்டும் ஒரு பொத்தான் இருந்தது. தாங்கவே முடியாவிட்டால் அழுத்துங்கள், இரைச்சல் நின்றுவிடும்; ஆனால் அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது என்றார்கள். பெரும்பாலும் யாரும் அழுத்தவில்லை. இரண்டு குழுவும் கேட்ட இரைச்சலில் வித்தியாசமே இல்லை. அதன்பின் கொடுத்த வேலைகளில், பொத்தான் இருந்தவர்கள் கூடுதல் நேரம் பொறுமையாக முயன்றார்கள், குறைவாகத் தவறு செய்தார்கள். எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்த இரைச்சலும் அப்படித்தான், அவ்வளவாக ஆளைச் சிதைக்கவில்லை.

என் தெருக்காரர்கள் கையில் பொத்தான் எதுவும் இல்லை. குரைப்பு எப்போது தொடங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. இரண்டையும் கொடுக்க வேண்டியவள் நான். நாயின் வாயை எப்படி அடைப்பது என்றே அதுவரை எல்லோரும் யோசித்தோம். நானும்தான்.

வாயை அடைக்கிற வழிகளைச் சொல்லாத ஆளில்லை. குரைத்தால் மின்சாரம் பாய்கிற கழுத்துப்பட்டை ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கி மாட்டுங்கள் என்றார் ஒருவர். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே நாய், பூனைகளுக்கு அந்தப் பட்டையைத் தடை செய்துவிட்டார்கள். அறுவை செய்து குரலை எடுத்துவிடலாமே என்றார் இன்னொருவர். 1987-ன் ஐரோப்பியச் செல்லப்பிராணிகள் உடன்படிக்கை விலக்கிவைத்த செயல் அது. காவலுக்கென்று ஓர் உயிரை வளர்த்து, காவலின் கருவியை அறுத்து எறிவதற்கு, வளர்க்காமலே இருந்துவிடலாம். கட்டிப்போடுங்கள் என்பது எல்லோரும் சொன்ன யோசனை. கட்டிய நாய்தான் அதிகம் குரைக்கும். மேலும் எப்போதும் கட்டிக் கிடக்கிற நாயை நடத்தக் கூட்டிப்போகாமல் விடுவதை 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு வதை என்றே சொல்கிறது.

எனவே முதலில் ஓட்டம். விடிவதற்கு முன்பே இரண்டையும் வாய்மூடி போட்டு, வாரைப் பிடித்துக்கொண்டு தென்கால் கண்மாய்க் கரைக்குப் போய்விடுவேன். வெயில் காலத்தில் ஏழரை மணிக்கெல்லாம் தார்ரோடு பாதத்தைச் சுடத் தொடங்கிவிடும் என்பதால் தாமதிக்க முடியாது. வேட்டை நாயின் காலுக்கு நாலு சுவருக்குள் வேலை கிடையாது. காலில் தீராதது தொண்டை வழியாக வரும். ஓடி வந்த நாள் பகலில் அவை தூங்குவதைப் பக்கத்து வீட்டு அண்ணனே கவனித்துச் சொன்னார். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, பழைய ஜமுக்காளத்துக்குள் தீனியை மடித்து மடித்துச் சுருட்டிப் போட்டுவிடுவேன். மோப்பம் பிடித்துப் பிரித்துத் தின்றுமுடிக்க வெகுநேரமாகும். மூக்குக்கு வேலை கொடுத்தால் நாய் களைக்கும். அது ஓட்டத்துக்குச் சமம் என்பேன்.

அடுத்தது கேட். கம்பி கேட்டுக்குத் தகரம் அடித்தேன். தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, தபால்காரர் போய்விடுகிறார். அவர் போவது அவருடைய வேலை முடிந்ததால். நாயின் கணக்கில் தன் குரைப்பு ஜெயித்துவிட்டது. நாள்தோறும் ஜெயிக்கிற வழக்கத்தை எந்த நாயும் விடாது. தெரு கண்ணில் படாமல் போனதும் பூபதியின் பகல் குரைப்பு பெருமளவு குறைந்தது. அவன் தகரத்தின் மேல் பாய்ந்தால் எழுகிற அதிர்வு குரைப்பைவிடக் கொடுமையாக இருந்ததால், பின்புறம் பழைய சைக்கிள் டியூபை வெட்டிவைத்து முடுக்கினோம். 'முடுக்கினோம்' என்றேன். திருப்புளி பிடித்தவர் அண்ணனின் மகன்.

பொத்தான் என்று சொன்னேனே, அது அந்த வீட்டில்தான் தொடங்கியது. அண்ணனுடைய டூட்டி நாட்களை என் வீட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். அவர் இரவு வண்டி முடித்து வரும் நாளில் நாய்கள் முன்வராண்டாவில் இருக்காது, மறுபக்கத்து அறையில் இருக்கும். வராண்டாச் சாவி ஒன்றை அவர் மனைவியிடம் கொடுத்தேன். சத்தம் போட்டால் அக்கா வந்து இரண்டையும் உள்ளே அழைத்துப்போய் மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போவார். சாவியைக் கொடுப்பதற்குமுன் நாய்களோடு பழகவைத்தேன். முதல் சில நாட்கள் கேட்டுக்கு அப்பால் நின்று வேகவைத்த முட்டையைப் போடுவார், பிறகு வராண்டாவில், பிறகு கையால். அக்கா இப்போது என் வீட்டுக்குள் வந்தால் செவலை வாலாட்டிக்கொண்டு பின்னாலேயே போகிறாள். சாவியைப் பயன்படுத்த வேண்டிவந்த சந்தர்ப்பங்கள் குறைவு. ஆனால் சாவி அந்த வீட்டு ஆணியில் தொங்கியதும் அண்ணன் முறையிடுவது நின்றுவிட்டது. "குலைச்சா இவ பாத்துக்குவா" என்று திரும்பிப் படுத்துவிடுவாராம். நான் நாய்களை நம்பித் தூங்கியதுபோல அவர் அக்காவை நம்பித் தூங்குகிறார்.

எதிர்வீட்டு மாடியில் இருக்கிற அம்மாச்சியின் விஷயம் இப்படிச் சாவியில் தீரவில்லை. அவருக்குச் சத்தம் பெரிய பொருட்டே இல்லை. பயம். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை ராட்வீலர்கள் கடித்துக் குதறிய செய்தி தொலைக்காட்சியில் நாள்முழுக்க ஓடியபோது, அவர் கீழே இறங்குவதையே நிறுத்திவிட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்திய அரசு மூர்க்கமான இனங்கள் என்று 23 இனங்களைப் பட்டியலிட்டு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. நீதிமன்றத்துக்குப் போய் அந்தக் கடிதம் கர்நாடகத்தில் ரத்தானது வேறு கதை. பட்டியலில் நம் நாட்டு இனம் எதுவுமில்லை என்று நான் அம்மாச்சியிடம் விளக்கப் போகவில்லை. வெள்ளையாக, தன் நெஞ்சுயரத்துக்கு நிற்கிற ஒன்று தன்னைப் பார்த்துக் குரைக்கும்போது பட்டியலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

பூபதிக்கு நான் கைச்சைகை பழக்கியிருந்தேன். உள்ளங்கையைக் காட்டி மெல்லக் கீழே இறக்கினால் உட்கார வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் சபாஷ், தீனி உண்டு. இருட்டில் டார்ச்சை இருமுறை அணைத்து ஏற்றினால் என்னிடம் வர வேண்டும். காது கேட்காத நாய்க்குச் சைகை கற்றுக்கொடுப்பது கடினமில்லை. எந்நேரமும் மனிதர்களின் முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டே இருப்பவன் அவன். ஒருநாள் மொட்டைமாடியில் அவன் இருக்கும்போது அம்மாச்சி எதிரே துணி எடுக்க வந்தார். அவன் குரைக்கத் தொடங்கினான். நான் கீழே வாசலில் இருந்தேன். "அம்மாச்சி, கையை இப்பிடிக் காட்டுங்க" என்று அங்கிருந்தே செய்து காட்டினேன். நம்பிக்கையில்லாமல்தான் கையை நீட்டினார். பூபதி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஏத்தா, நாஞ் சொன்னாக் கேக்குதே!" என்றார்.

அந்தக் குரல் என் காதில் இன்னும் இருக்கிறது. அடுத்த நாளிலிருந்து அவர் மாடிக்கு வரும்போதெல்லாம் கையைக் காட்டுவார், அவன் உட்காருவான், அவர் கட்டைவிரலை உயர்த்துவார். முறுக்குத் துண்டு ஒன்று தெருவைத் தாண்டி வந்து விழும். உப்பும் எண்ணெயும் ஆகாது என்று சொல்லி, முறுக்கைக் கேரட் துண்டாக மாற்ற எனக்குக் கொஞ்சம் சாமர்த்தியம் தேவைப்பட்டது. பயம் அவருக்கு முழுவதும் போய்விடவில்லை. கேட் திறந்திருந்தால் இன்றும் கீழே இறங்கமாட்டார். அது சரிதான் என்றே நினைக்கிறேன். பெரிய நாயிடம் கொஞ்சம் பயம் இருப்பது வயதானவருக்கு நல்லது, கேட்டை மூடிவைப்பது என் கடமை. ஆனால் அவன் குரைப்பதும் நிறுத்துவதும் இப்போது அவர் கையில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்களைக் கூட்டிவந்து காட்டுகிறார்.

எல்லாரிடமும் இது நடந்துவிடவில்லை. பின்வீட்டுக்காரர் என்னிடம் எதுவும் பேசாமல் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார். ஏட்டையா ஒருவர் வந்து, வராண்டாவில் உட்கார்ந்து, மரியாதையாகவே விசாரித்தார். எனக்குக் கை நடுங்கியது. நண்பர்கள் விஷயம் தெரிந்து, சட்டம் உன் பக்கம்தான் என்று தைரியம் சொன்னார்கள். விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களைத் தேடிப் படித்தேன். குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்யக் கூடாது, குரைப்பதைக் காரணம் காட்டியும் கூடாது என்று அதில் இருக்கிறது. குரைப்பது நாய்க்கு இயல்பு, அக்கம்பக்கம் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றும் இருக்கிறது. அதற்கடுத்தே, ஓயாத குரைப்பு அயலாரைப் பாதிக்கும், குறிப்பாக இரவில் அமைதியாக வைத்திருங்கள் என்று வளர்ப்பவருக்கும் சொல்லியிருக்கிறது. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அவரோடு மல்லுக்கு நின்றிருக்கலாம். ஜெயித்திருக்கவும் கூடும். ஜெயித்தபின் அதே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆயுள் முழுக்கக் குடியிருக்க வேண்டியவர்கள் நாங்கள் இருவரும்.

அவருடைய படுக்கையறை ஜன்னல் என் பின்கட்டைப் பார்த்தபடி இருக்கிறது. நாய்கள் அப்போது இரவில் படுத்தது பின்கட்டில். எனக்குப் பயம் வருகிற இடமும் அதுதான் என்பதால் நானேதான் அங்கே படுக்கவைத்திருந்தேன். அவற்றை அங்கிருந்து எடுப்பது என் தூக்கத்தை எடுப்பது. பல இரவுகள் யோசித்தேன். கடைசியில் பின்வாசலுக்குக் கிரில் போட்டு, ஆள் வந்தால் தானே எரிகிற விளக்கு ஒன்றை மாட்டி, நாய்களை முன்ஹாலுக்கு மாற்றினேன். நினைத்ததைவிடச் செலவு. முதல் சில வாரங்கள் நான் சரியாகத் தூங்கவில்லை. பழைய பயம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை காலம் பின்வீட்டுக்காரர் கொடுத்துவந்த விலையில் என் பங்கு இது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். செவலை மெல்ல எழுந்து வந்து என் கட்டிலருகே படுக்கத் தொடங்கினாள். அவள் மூச்சு கேட்கிற தூரத்தில் எனக்குத் தூக்கம் திரும்ப வந்தது.

பின்வீட்டுக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. புகாரும் வரவில்லை. அது போதும் என்று இருக்கிறேன்.

தீபாவளியைச் சொல்லாமல் விட முடியாது. ராஜபாளையமும் சிவகாசியும் ஒரே விருதுநகர் மாவட்டம். அந்த மாவட்டத்து நாய் அந்த மாவட்டத்து வெடிக்கு அஞ்சுவதில்லை, பூபதிக்குக் கேட்காததால். வாண வெளிச்சம் மட்டும்தான் அவனை அலைக்கழிக்கும். செவலைதான் பாவம். முதல் சரம் வெடித்ததும் கட்டிலடியில் போய் எச்சில் ஒழுக நடுங்குவாள். பயம் முற்றினால் அதுவே குரைப்பாக மாறி மணிக்கணக்கில் நீளும். 2018-ல் உச்ச நீதிமன்றம் வெடி வெடிக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு வகுத்துத் தந்தது. அந்த நேரத்தோடு எந்தத் தெருவும் நிறுத்துவதில்லை. வெடிக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பெரிய சரம் வைப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் கேட்டேன். ஒருத்தன் ஓடிவந்து, "டீச்சர், ஆயிரம் வாலா வைக்கப் போறோம்" என்று கத்துவான். நான் ஜன்னலை அடைத்து, டிவியைச் சத்தமாக வைத்து, செவலையை உள்ளறைக்குக் கொண்டுபோவேன். மூன்றாம் வருடமோ என்னவோ, அவர்களாகவே பெரிய சரங்களைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தார்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்து வெடிச் சத்தத்தைப் போனில் மிகத் தாழ்வாக ஓடவிட்டு, அவள் தின்னும்போதெல்லாம் கேட்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவேன். பயம் பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிக்கு மருத்துவர் தருகிற மாத்திரை. தெரிந்தவர் சொன்னார் என்று மனிதர்களின் தூக்க மாத்திரையைக் கொடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பூபதிக்கு வயதாகிவிட்டது. இவ்வளவு பெரிய நாய்களுக்குப் பத்து, பன்னிரண்டு வயது என்பதே முதுமை. பின்னங்கால் மடங்குகிறது, கண்மாய்க் கரையில் பாதி தூரம்தான் வருகிறான். அடுத்த குட்டியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, தெருவில் பேச்சு வந்துவிட்டது. அம்மாச்சிக்கு மறுபடியும் வெள்ளைதான் வேண்டுமாம், ஆனால் கை காட்டினால் உட்காருகிறதாக. காது கேட்கிற குட்டியும் கை காட்டினால் உட்காரும் என்றேன். தாய், தகப்பன் இரண்டுக்கும் காது கேட்கிறதா என்று பார்த்து, குட்டியையும் சோதித்த பிறகே ராஜபாளையம் வாங்குவேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஒளிக்காமல் சொன்னார்.

"வாங்குங்க டீச்சர், வேணாங்கல. ஒண்ணு மட்டும் வாங்குங்க. ரெண்டு சேர்ந்தாத்தான் நிக்கமாட்டேங்குது."

எனக்கு இரண்டு வேண்டும். தனியாக வளர்கிற நாய் ஏங்கும் என்பது என் கட்சி. இதைப் பற்றி அவரோடு திண்ணையில் உட்கார்ந்து நிறையப் பேசியாயிற்று. செவலை இருக்கும்வரை ஒரு குட்டி, அதற்குப் பிறகு இன்னொன்று வேண்டுமானால் அவரைக் கேட்டுவிட்டுத்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.